மழை வந்தால் பயமில்லை என்றது கம்பியூட்டர்

2006ஆம் வருஷம், ஐப்பசி மழை நேரம். பெல்மதுளையில இருந்து உள்ளுக்கு வேன்ல ஒரு மணித்தியாலம் போனாத்தான் எங்க தேயிலத் தோட்டம் வரும். நான் அப்ப கொழும்புல, கம்பஸ்ல கடைசி வருஷம், மின்சார இஞ்சினியரிங். எங்க தோட்டத்துல இருந்து அந்தப் படிப்புக்குப் போன மொத ஆள் நான்தான், அதுவும் ஒரு பொம்பளப்புள்ள. அதனால எனக்குத் தலக்கனம் கொஞ்சம் கூடவே இருந்துச்சு. அத மறைக்காம இப்பவே சொல்லிர்றேன், ஏன்னா நடந்ததுக்கெல்லாம் அதுதான் காரணம்.

எங்க தோட்டத்துக்குன்னு சொந்தமா கரண்ட் இருக்கு. ஓடைத் தண்ணிய மறிச்சு, வாய்க்கால்ல கொண்டுவந்து, பைப்புல எறக்கி மெஷின சுத்த வச்சு எடுக்கிற கரண்ட். மேல் டிவிசன்ல ஒரு பவர்ஹவுஸ், பெக்டரிக்குப் பக்கத்துல கீழ ஒண்ணு. ரெண்டும் சேந்துதான் பெக்டரி, ஆபீஸ், டிஸ்பென்சரி, தொழிலாளிங்க இருக்கிற லயங்கள் எல்லாத்துக்கும் குடுக்கும். மேல இருக்கிறதுதான் பெரிய மெஷின். அது பொசுக்குனு நின்னுட்டா, கீழ இருக்கிற சின்னது அத்தன பாரத்தையும் தனியா இழுக்க ஏலாம அதுவும் விழுந்துரும். அப்புறம் தோட்டம் பூராவும் இருட்டு. கொழுந்து வாட்டுற பேன் நிக்கும், டிரையர்ல கெடக்கிற தேயில கருகும், பெக்டரியப் பாத்துக்கிற டீமேக்கர் தலையில கைய வச்சுக்கிட்டு நிப்பாரு.

கடைசி வருஷத்துல நாங்க ஒரு ஆராய்ச்சி செஞ்சு குடுக்கணும். நான் எடுத்துக்கிட்ட கேள்வி இதுதான்: இந்த நிமிஷம் ஒரு மெஷின் விழுந்தா மிச்சம் தாங்குமா, தாங்காதா? பெரிய கரண்ட் சபைகள்ல இதுக்குக் கணக்குப் போட்டுப் பாப்பாங்க. ஆனா அந்தக் கணக்கு முடியிறதுக்குள்ள போற கரண்ட் போயிரும். அதுக்குப் பதிலா, பழைய வெவரத்தையெல்லாம் காட்டுனா தானாவே கத்துக்கிற மாதிரி ஒரு கம்பியூட்டர் புரோகிராம் எழுதலாம். எந்த நேரம், எவ்வளவு லோட், எவ்வளவு தண்ணி, எவ்வளவு மழை, அன்னைக்குக் கரண்ட் போச்சா போகலையான்னு ஆயிரக்கணக்கா காட்டணும். எது ஆபத்து, எது ஆபத்தில்லன்னு நாம சொல்லித் தரத் தேவையில்ல, அதுவே புடிச்சுக்கும். அப்புறம் மெஷின்ல இருந்து நிமிஷத்துக்கு ஒருக்கா வர்ற ரீடிங்கப் பாத்துட்டு, திரையில பச்ச, மஞ்ச, செவப்புன்னு காட்டும்.

பெரிய தொரைக்கிட்ட, அதாவது தோட்டத்து மேனேஜர்கிட்ட, அனுமதி கேக்கப் போனேன். சிங்களவர்தான், ஆனா தமிழ் நல்லா பேசுவாரு. கெட்ட மனுஷன்னு சொல்லமாட்டேன். நான் சொன்னதப் பூரா கேட்டுட்டு, "இது சரியா வந்தா மேல் பவர்ஹவுசுக்கு ஆளே தேவையில்ல, என்ன? காலையில ஒருக்கா ஒருத்தன் போய் எண்ணெய் போட்டுட்டு வந்தா போதும்"னாரு.

நானும் பெருமையா, "ஓம் சேர், அப்பிடியும் செய்யலாம்"னு சொல்லிட்டேன். சொல்றப்ப அந்த மேல் பவர்ஹவுஸ்ல வேல செய்ற ஆள் யாருன்னு எனக்குத் தெரியாம இல்ல.

அவரு என்கூட படிச்ச சிநேகிதியோட புருஷன். அவளும் நானும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல ஒரே வாங்குல ஒக்காந்து படிச்சோம். ஒம்பதாம் வகுப்போட அவ கொழுந்தெடுக்கப் போயிட்டா, நான் ரத்தினபுரியில ஹொஸ்டலுக்குப் போயிட்டேன். அவளக் கட்டினதுக்கு அப்புறம்தான் அவருக்கு ஒப்பரேட்டர் வேல கெடச்சுச்சு. அந்த வேலையோட பவர்ஹவுசுக்குப் பக்கத்துல ரெண்டு அறையோட தனி வீடும் குடுத்தாங்க. அது வரைக்கும் அவரு வீட்டு லயத்துக் காம்பராவுல, ஒரே அறையில, ரெண்டு குடும்பம், நடுவுல ஒரு சீலைய மறைப்புக் கட்டிக்கிட்டு இருந்தாங்க. வேல போனா வீடும் போகும், திரும்பி அந்த மறைப்புக்குப் பின்னாலதான் போகணும். இதெல்லாம் தெரிஞ்சும் நான், அவருக்கு பெக்டரியில வேற வேல குடுப்பாங்கன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். யாரும் அப்பிடி வாக்குக் குடுக்கல.

மெஷின்ல ரீடிங் எடுக்கிற சாமான்கள கம்பஸ்ல இருந்து கொண்டு வந்ததே ஒரு கத. அது யுத்த நேரம். பேக் நெறைய வயரும் சர்க்கிட் போர்டும் வச்சுக்கிட்டு ஒரு தமிழ்ப் பொண்ணு பஸ்ல வந்தா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க. செக்பொயின்ட்ல எறக்கிட்டாங்க. நான் ரத்தினபுரிப் பேச்சுல சிங்களம் பேசுவேன், அதனால ஆர்மிக்காரரு கொஞ்சம் எளகினாரு. கரண்ட் போகுமா போகாதான்னு முன்கூட்டியே சொல்ற மெஷின்னு வெளக்கினேன். அவரு ஒரு வயர எடுத்துப் பாத்துட்டு, "நங்கி, தங்கச்சி, எங்க ஊர்ல மழை வந்தா கரண்ட் போகும். அத சொல்ல மெஷின் எதுக்கு?"னாரு. பஸ்ல இருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. எனக்குக் கோவம்தான் வந்துச்சு.

லீவு முழுக்க நான் அவ வீட்டுலதான். பவர்ஹவுஸ்ல அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா வோல்ட், லோட், மெஷின் வேகம் எல்லாத்தையும் ஒரு பெரிய புத்தகத்துல எழுதுவாங்க. கரண்ட் போனா செவப்புப் பேனையால எழுதுவாங்க. அப்பிடி ரெண்டு வருஷத்துப் புத்தகம். அவ வேல விட்டு வந்து, மேல் கழுவி, ரொட்டி சுட்டுக் கட்டச் சம்பலோட குடுத்துட்டு, என் பக்கத்துல ஒக்காந்து நம்பர ஒவ்வொண்ணா வாசிப்பா, நான் கம்பியூட்டர்ல தட்டுவேன். ஆபீஸ்ல தெனமும் மழை அளந்து எழுதுற புத்தகத்தையும் எடுத்துட்டு வந்து அதையும் ஏத்தினேன்.

சில பக்கத்துக்கு வந்தா அவ லேசா சிரிப்பா. "என்னடி சிரிப்பு?"ன்னு கேப்பேன்.

"ஒண்ணுமில்ல. நீ எழுது தாயே. இஞ்சினியர் அம்மா நேரத்த வீணாக்கக் கூடாது."

அவ எப்பவும் அப்பிடித்தான், எதுக்கெடுத்தாலும் நக்கல். நானும் விட்டுட்டேன். என்ன மாதிரி ஒரு மடச்சி ஒலகத்துல இருப்பாளா?

புரோகிராம் கத்து முடிச்சதும் ஒண்ணு எனக்கே அதிசயமா இருந்துச்சு. மழை கூடக் கூட அது பச்சையத்தான் காட்டுச்சு. புத்தகத்தப் பெரட்டிப் பாத்தேன், உண்மைதான். கொட்டுற மழை நாள்ல செவப்புப் பேனை எழுத்து அநேகமா இல்லவே இல்ல. வெயில் நாள்லயும் தூறல் நாள்லயும்தான் கரண்ட் போயிருக்கு. நான் ஒக்காந்து யோசிச்சு அதுக்கு ஒரு காரணத்தையும் கண்டுபுடிச்சேன். மழை பெஞ்சா ஓடையில தண்ணி கூடும், தண்ணி கூடுனா மெஷின் நல்லா ஓடும், அவ்வளவுதான்! எங்க விரிவுரையாளர்கிட்ட சொன்னேன், அவரும் சரிதான்னு தலையாட்டினாரு. படிச்சவங்க ரெண்டு பேர் சேந்தா எந்தப் பிழைக்கும் ஒரு நல்ல காரணம் கெடச்சிரும்.

பெரிய தொரைக்கு ஓட்டிக் காட்ட ஒரு நாள் குறிச்சோம். பகல் ரெண்டு மணிக்கு அவரு ஜீப்ல மேல் பவர்ஹவுசுக்கு வந்தாரு. உள்ள நாங்க மூணு பேருதான்: அவரு, நான், ஒப்பரேட்டர் அண்ணன். பெக்டரியில அன்னைக்கு நல்ல கொழுந்து, முழு லோட். நான் மேசையில கம்பியூட்டர வச்சுட்டு, மாப்பிள்ள வீட்டுக்காரங்க வந்த வீடு மாதிரி எல்லாத்தையும் தொடச்சு அடுக்கி வச்சிருந்தேன்.

மூணு மணிக்கு மழை புடிச்சுக்கிச்சு. எங்க பக்கத்து மழை தெரிஞ்சவங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. தகரத்துல விழுற சத்தத்துல பக்கத்துல பேசுறது கேக்காது. எனக்கு ஒரே சந்தோஷம். மழை வேணும்னுதான் நான் கும்பிட்டுக்கிட்டு இருந்தேன்.

அண்ணன் மட்டும் நெருப்புல நிக்கிறவரு மாதிரி நின்னாரு. கதவப் பாப்பாரு, மெஷினப் பாப்பாரு, தொரையப் பாப்பாரு. அப்புறம் மெதுவா எங்கிட்ட வந்து, "தங்கச்சி, நான் ஒருக்கா மேல போயிட்டு வரணும்"னாரு.

பீடி குடிக்கத்தான் போகப்போறாருன்னு நெனச்சேன். மெஷின் ஓடுறப்ப ஒப்பரேட்டர் பவர்ஹவுஸ விட்டு வெளிய போகக்கூடாதுன்னு சொவத்துலயே மூணு பாஷையில எழுதிப் போட்டிருக்கு. தொரை வேற முன்னால நிக்கிறாரு. "கொஞ்சம் பொறுங்கண்ணே. சேர் இருக்கிறது தெரியலையா?"ன்னு கடுகடுத்துட்டேன். என்னைவிட பத்து வயசு மூத்த மனுஷன். திரும்பிப் போய் மெஷினுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டாரு.

நாலு மணி இருக்கும். மெஷின் சத்தம் லேசா மாறுச்சு, வேகம் எறங்குச்சு. திரையில பச்ச போய் மஞ்ச வந்துச்சு. நான் வயரெல்லாம் ஒழுங்கா இருக்கான்னு தடவிப் பாத்தேன். அண்ணன் கண்ண மூடிக்கிட்டாரு. ஒரு அஞ்சு நிமிஷம் அப்பிடியே இழுத்துச்சு. அப்புறம் சத்தம் பழையபடி திரும்பி, வேகம் ஏறி, திரும்பவும் பச்ச.

"பாத்தீங்களா சேர், தானாவே சரியாயிருச்சு"ன்னு சொன்னேன். என் வாயாலதான் சொன்னேன். அண்ணன் கண்ணத் தொறந்து என்னைய ஒரு பார்வ பாத்தாரு. அப்ப எனக்கு அது வெளங்கல.

அஞ்சு மணி வரைக்கும் பச்சதான். தொரை எழும்பி என் கையப் புடிச்சுக் குலுக்கி, "ஹரி ஷோக், பிரமாதம், எங்க தோட்டத்துப் புள்ள"ன்னு சொன்னாரு. அப்புறம் அண்ணன் பக்கம் திரும்பி, அடுத்த மாசம் ஒப்பரேட்டர் வேலையப் பத்திப் பேசுவோம், ஒண்ணும் யோசிக்க வேணாம்னு தமிழ்லயே சொன்னாரு. யோசிக்க வேணாம்னு தொரை சொன்னா யோசிக்கிறதுக்கு நெறைய இருக்குன்னு தோட்டத்துல சின்னப் புள்ளைக்கும் தெரியும். ஜீப் போயிருச்சு.

ஜீப் சத்தம் கேக்காமப் போன கையோட கதவு தொறந்துச்சு. என் சிநேகிதி நின்னா. மழைக்குப் போத்துற கம்பளியில இருந்து தண்ணி ஊத்துது. தல, கழுத்து, ஜாக்கெட் எல்லாம் றப்பர் எலையும் சருகும் ஒட்டிக்கிட்டு இருக்கு. கால்ல அட்ட கடிச்ச ரத்தம் மழைத் தண்ணியோட ஒழுகுது. ரெண்டு கையையும் முன்னால விரிச்சுப் புடிச்சிருந்தா. வெரல் எல்லாம் வெட்டுக் காயம்.

அண்ணன் ஓடிப்போய் அவ கையப் புடிச்சு, "உனக்கென்ன பைத்தியமா? ஏன் தனியா போன? வழுக்கியிருந்தா?"ன்னு கத்தினாரு. கத்திட்டு, பக்கத்துல கெடந்த சாக்க எடுத்து அவ தலையத் தொவட்ட ஆரம்பிச்சாரு.

"தொரை ஜீப் நிக்கிறதப் பாத்தேன். நீங்க வரமாட்டீங்கன்னு தெரியும். வேற யாரு போறது?"ன்னு அவ சாதாரணமா சொன்னா.

அப்புறம்தான், அவங்க சொல்லச் சொல்ல, எனக்கு விஷயம் வெளிச்சமாச்சு. பவர்ஹவுசுக்கு மேல, வழுக்குற படி ஏறிப் போனா, வாய்க்கால் வந்து விழுற தொட்டி இருக்கு. ரெண்டாள் ஒசரம் ஆழம். தொட்டியில இருந்து பைப்புக்குத் தண்ணி போற வாயில, குப்ப போகாம ஒரு இரும்புக் கம்பிச் சல்லடை. பெரிய மழை வந்தா மேல இருக்கிற றப்பர் மலையில இருந்து எல, சருகு, கிளை எல்லாம் வாய்க்கால்ல அடிச்சுக்கிட்டு வந்து அந்தக் கம்பிய அடச்சிரும். அடச்சா தண்ணி வராது, மெஷின் நிக்கும். ஆக, மழை வந்தா கரண்ட் போகணும். அந்த ஆர்மிக்காரரு சொன்னதுதான் சரி.

போகாததுக்குக் காரணம் இவங்க ரெண்டு பேரு. மேகம் கறுத்தாலே அண்ணன் குப்ப அள்ளுற வாரிய எடுத்துக்கிட்டு மேல ஏறிருவாரு. அந்நேரம் அவ வந்து மெஷினப் பாத்துக்குவா, அரை மணிக்கு ஒருக்கா ரீடிங் எழுதுவா. ஆனா மெஷின விட்டுப் போகக்கூடாதுங்கிறது ரூல். போனேன்னு எழுதினா வேல போகும். அதனால எழுதுறதே இல்ல. ஆறு வருஷமா இப்பிடித்தான். அன்னைக்கு அண்ணன் வெளிய வர ஏலாததால அவ தனியா மேல ஏறியிருக்கா. வாரி பவர்ஹவுசுக்குள்ள இருந்துச்சு, வந்து எடுத்தா தொரை பாத்துருவாரு. அதனால தொட்டிக்கு மேல போட்ட பலகையில குப்புறப் படுத்துக்கிட்டு, கையாலேயே எலைய அள்ளியிருக்கா. அவளுக்கு நீச்சல் தெரியாது.

நான் பவர்ஹவுஸ் புத்தகங்களத் தொறந்து பாத்தேன். மழை நாள் பக்கமெல்லாம் ஏழுக்குக் குறுக்க ஒரு கோடு. எங்க பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் பழக்குன கோடு. அது அவ எழுத்து. ஆறாம் வகுப்புல இருந்து நான் பாத்துக் காப்பியடிச்ச எழுத்து. அத ரெண்டு மாசமா தட்டித் தட்டி ஏத்தியிருக்கேன், என் கண்ணுக்கு அது படவே இல்ல.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"ன்னு கேட்டேன். அழுக வந்துருச்சு.

"நீ கேக்கலையே. வோல்ட் கேட்ட, சொன்னோம். லோட் கேட்ட, சொன்னோம்"னா. அப்புறம், "நீ இப்ப தொரையோட இங்கிலீஷ் பேசுற ஆளு. எப்பிடிச் சொல்றது?"ன்னா.

செருப்பால அடிச்சிருந்தாக்கூட அவ்வளவு வலிச்சிருக்காது. நானும் லயத்துல பொறந்து வளந்தவதான். தோட்டத்துல புத்தகம் எழுதுறது தொரை பாக்குறதுக்கு, வேல நடக்கிறது வேற மாதிரின்னு எங்க அம்மா வயித்துல இருக்கிறப்பவே எனக்குத் தெரியும். அப்பிடியிருந்தும் புத்தகத்துல இருந்ததத்தான் நம்புனேன். பக்கத்துல ஒக்காந்து அத வாசிச்சவளக் கேக்கல. என் புரோகிராம் கெட்டிக்காரத்தனமா கத்துக்கிட்டது இதத்தான்: மழை வந்தா பயமில்ல. அந்த ரெண்டு பேரு இருக்கிற வரைக்கும் அது சரி. அவங்க ரெண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பத்தான் நான் அதக் கொண்டுவந்து காட்டியிருக்கேன்.

இப்ப என்ன செய்றது? தொரைக்கிட்ட உண்மையச் சொன்னா, ஆறு வருஷமா ரூல மீறுனதுக்கு அண்ணனோட வேல போகலாம். சொல்லாட்டி, ஆள் தேவையில்லன்னு சொல்லி வேல போகும். என் ஆராய்ச்சியும் பாழ், குடுக்க இன்னும் ரெண்டு மாசம்தான் இருந்துச்சு. அத நான் நெனைக்கவே இல்லன்னு பொய் சொல்லமாட்டேன். நெனச்சேன்.

அடுத்த நாள் காலையில, வேலைக்குப் பேர் குடுக்கிற பெரட்டுக்கு முன்னால அவங்க வீட்டுக்குப் போனேன். நான் தொரைக்கிட்ட பேசவா, வேணாமான்னு அவங்களையே கேட்டேன். இந்தத் தடவையாவது கேட்டேன். அண்ணன், "விடுங்க தங்கச்சி. நடக்கிறது நடக்கட்டும்"னாரு. அவ கையில மஞ்சளப் பூசித் துணி சுத்தியிருந்தா, அந்தக் கையோடயே தேத்தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தா. கோப்பைய எங்கிட்ட நீட்டிட்டுச் சொன்னா:

"சொன்னா வேல போனாலும் போகும். சொல்லாட்டி கட்டாயம் போகும். அப்ப சொல்லிட்டே போகட்டுமே. நான் மெஷினப் பாத்ததையும் சொல்லு, மேல போனதையும் சொல்லு. ஒளிச்சு ஒளிச்சு செஞ்சது போதும், களவா எடுத்தோம்?"

மூணு பேருமா ஆபீசுக்குப் போனோம். அவங்க ரெண்டு பேரும் வாசல்லேயே நின்னுட்டாங்க. நான் உள்ள போய், நேத்து காட்டுனது பிழைன்னு தொரைக்கிட்ட மொதல்ல சொல்லிட்டேன். மழை நாள்ல கரண்ட் போகாதது புரோகிராமோட கெட்டித்தனம் இல்ல, ஓடையில தண்ணி கூடுனதும் இல்ல, வெளிய நிக்கிற ரெண்டு பேருன்னு எல்லாத்தையும் சொன்னேன்.

தொரை மொகம் செவந்து போச்சு. "அப்ப ஆறு வருஷத்துப் புத்தகமும் பொய்யா?"ன்னாரு.

"எழுதின நம்பர் எல்லாம் உண்மை சேர். செஞ்ச வேலதான் அதுல இல்ல"ன்னேன்.

ரெண்டு பேரையும் உள்ள கூப்பிட்டாரு. ஏன் ஒரு நாளாவது எங்கிட்ட சொல்லலன்னு கேட்டாரு, சிங்களத்துல. கோவம் வந்தா அவருக்குத் தமிழ் மறந்துரும். அண்ணன் தலைய குனிஞ்சுக்கிட்டாரு. அவதான் நிமிந்து நின்னு சிங்களத்துலயே பதில் சொன்னா. அத தமிழ்ல சொன்னா இப்பிடித்தான் வரும்: "சொன்னா எங்களுக்கு லெட்டர் வரும் சேர். சொல்லாட்டி உங்களுக்குக் கரண்ட் வரும்."

ஆபீஸ்ல கிளாக்கர் எழுதுறத நிறுத்திட்டாரு. தொரை துணி சுத்தின அவ கையப் பாத்தாரு. அப்புறம் கொடைய எடுத்தாரு. ஜீப்ல ஏறல, நடந்தாரு. நாங்களும் பின்னாலேயே போனோம். தொட்டிக்குப் போற படியில அவரே ஒருக்கா வழுக்கி, காற்சட்டையெல்லாம் சேறு. மேல போய் அந்தப் பலகையப் பாத்தாரு, ஆழத்தப் பாத்தாரு, ராவு மழைக்கு திரும்பவும் பாதி அடச்சிருந்த கம்பியப் பாத்தாரு. "மே லேல்லே?"ன்னாரு. இந்தப் பலகையிலயான்னு. அவ தலையாட்டினா.

அண்ணனுக்கு எச்சரிக்க லெட்டர் வந்துச்சு. ரூல் ரூல்தான்னுட்டாரு தொரை. ஆனா வேல போகல, வீடும் போகல. பெரிய மழை வர்ற நாள்ல மேல தொட்டியப் பாத்துக்க அவளுக்கே ஒரு நாள் சம்பளத்துக்குப் பேர் போடணும்னு செக்ரோல்ல ஏத்தச் சொன்னாரு. ஆறு வருஷமா சும்மா செஞ்சதுக்கு அன்னையில இருந்து சம்பளம். படிக்குக் கைபுடிக் கம்பி போட்டாங்க. சல்லடைய மாத்தித் தாறேன்னும் சொன்னாரு, நான் அறிஞ்ச வரைக்கும் மாத்தல. பவர்ஹவுஸ் புத்தகத்துல புதுசா ஒரு பத்தி கோடு போட்டாங்க: மேல போன ஆள், போன நேரம், வந்த நேரம். கோடு போட்டது நான்தான், அடிமட்டம் வச்சு.

நான் கொழும்புக்குப் போற அன்னைக்கு அவ எனக்கு ஒரு பொட்டலம் கித்துல் கருப்பட்டி கட்டிக் குடுத்தா. "ஏட்டுச் சொரக்காயத் தின்னு தின்னு எளச்சுட்ட, இதயும் கொஞ்சம் தின்னு"ன்னா. மன்னிப்புக் கேக்கலாம்னு வாயத் தொறந்தேன். "போடி, பஸ் போயிரும்"னு தள்ளிவிட்டுட்டா.

ஆராய்ச்சியப் பிந்தித்தான் குடுத்தேன். புதுப் பத்தியில சேந்த வெவரத்த வச்சு புரோகிராமுக்குத் திரும்பப் படிச்சுக் குடுத்தப்ப, யாரும் மேல போகாட்டி மழைக்குச் செவப்புன்னு அது காட்ட ஆரம்பிச்சுச்சு. முந்தின மாதிரி எல்லாத்தையும் சரியா சொல்லல, நெறைய எடத்துல தடுமாறுச்சு. புள்ளியும் நான் எதிர்பாத்தத விடக் கொறவுதான். மழை நாள்ல புரோகிராம் ஏன் ஏமாந்துச்சுன்னு ஒரு அத்தியாயம் எழுதியிருந்தேன். அத வாசிச்சுட்டு விரிவுரையாளர், இதுதான் உன் ஆராய்ச்சி, மத்ததெல்லாம் சும்மான்னாரு. அவரும் என்கூட சேந்து தலையாட்டினவருதானே, அதனால பெருசா ஒண்ணும் பேசிக்கல.

இப்ப நான் கரண்ட் வேலையிலதான் இருக்கேன். ஒரு பெரிய ஹோல்ல, சொவர் முழுக்கத் திரை. ஊர் ஊரா, லைன் லைனா எல்லாம் அதுல தெரியும். என் புரோகிராமவிட ஆயிரம் மடங்கு கெட்டிக்காரப் புரோகிராம்கள் ஓடுது. எங்கயாவது கொட்டுற மழையிலயும் திரை பச்சையாவே இருந்தா, என்கூட வேல செய்றவங்க நிம்மதியா தேத்தண்ணி குடிக்கப் போவாங்க. நான் டெலிபோன எடுத்து அந்தப் பக்கத்து ஸ்டேஷனுக்கு அடிப்பேன். எனக்கு என்னமோ வியாதின்னு அவங்க நெனைக்கிறாங்க. இருக்கட்டும். எல்லாம் சரியா இருக்குன்னு ஒரு திரை சொல்றப்ப, அத சரியா வச்சுக்கிறதுக்காக யாரு எங்க நனைஞ்சுக்கிட்டு நிக்கிறாங்கன்னு கேட்டுத் தெரிஞ்சுக்காம எனக்கு அந்தப் பச்சைய நம்ப மனசு வர்றதில்ல.